'மாரியோ அண்டு லூயிஜி' விளையாட்டுத் தொடரில் நகைச்சுவை: ஆட்டக்காரர் கருத்துகள்வழி ஒரு நோக்கு

முன்னுரை

கையடக்கக் கருவிகளில் ஆடப்பெறும் காணொளி விளையாட்டுகளைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் போக்கு கல்வியுலகில் நெடுங்காலம் நிலவியது. எனினும் கதை, உரையாடல், பாத்திரப்படைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு படைப்பை நுகர்ந்தோர் அதனைப்பற்றிக் கூறும் கருத்துகள் சுவைக் கோட்பாட்டிற்கும் சான்றாகும். அவ்வகையில், ஜப்பானில் உருவான 'மாரியோ அண்டு லூயிஜி' என்னும் நகைச்சுவைத் தொடரை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒரே தொடரின் சில பாகங்கள் ஆட்டக்காரரைச் சிரிக்கவைத்தமைக்கும் சில பாகங்கள் சலிப்பூட்டியமைக்கும் காரணம் யாது என்பதே நம் வினா.

தொடரின் அமைப்பு

தோக்கியோவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆல்ஃபாடிரீம் நிறுவனம் இத்தொடரை உருவாக்கியது. நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்டது. முதற்பாகமான 'சூப்பர்ஸ்டார் சாகா' 2003 நவம்பரில் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்காக வெளிவந்தது. இது பாத்திரமேற்பு விளையாட்டு வகையைச் சார்ந்தது. இவ்வகையில் சண்டை முறைவைத்து நடைபெறும்; நம் தரப்பு தாக்கியபின் எதிரி தாக்குவான். வழக்கமாக எதிரியின் முறை வரும்போது ஆட்டக்காரருக்கு வேலையில்லை. இத்தொடரிலோ அப்பொழுதும் தக்க நொடியில் பொத்தானை அழுத்தித் தாவித் தப்பலாம். மாரியோவுக்கு ஒரு பொத்தான், லூயிஜிக்கு மற்றொன்று. எதிரி எவரைத் தாக்கப்போகிறான் என்பதை அவனுடைய அசைவே காட்டிக்கொடுக்கும். ஆகவே, ஆட்டக்காரர் எதிரியின் கோணல் அசைவுகளைக் கூர்ந்து நோக்கியே ஆகவேண்டும். நகைச்சுவை அங்கேயே தொடங்கிவிடுகிறது. சண்டை சலிப்பதில்லை என்று ஆட்டக்காரர்கள் பாராட்டுவதற்கு இவ்வமைப்பே அடிப்படை.

நால்வகை நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுக்கிறது. நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காக 2009இல் வெளிவந்த 'பவுசர்ஸ் இன்சைட் ஸ்டோரி' என்னும் மூன்றாம் பாகத்தை ஆட்டக்காரர் பலர் தொடரின் உச்சமெனக் கூறுவர். அதன் கதையில் இந்நான்கும் ஒருங்கே அமைந்துள்ளன.

மாரியோவின் நெடுநாள் எதிரியாகிய பவுசர், மாறுவேடத்தில் வந்த ஃபாஃபுல் கொடுக்கும் காளானை அவன் சொல்லை நம்பி உண்கிறான். பிறர் சொன்னதை அப்படியே ஏற்று அதனைப் பற்றி நிற்கும் இந்நிலை மடன் ஆகும். உண்டபின் அவன் கண்ணில் பட்டவற்றையெல்லாம் உறிஞ்சி விழுங்குகிறான். மாரியோவும் லூயிஜியும் அவன் வயிற்றுக்குள் சிக்குகின்றனர். பவுசருக்கு அது தெரியாது. உள்ளிருந்து பேசும் ஸ்டார்லோ என்னும் துணைப்பாத்திரம் 'சிப்பி' என்று வேறொரு பெயரைச் சொல்லி அவனை ஏமாற்றுகிறது. இது பேதைமையின்பாற் படும். வீம்பும் தற்பெருமையும் மிக்க அவன் பேச்சில் இளமையும், எதிர்ப்பட்டோரையெல்லாம் அவன் ஏளனம் செய்வதில் எள்ளலும் விளங்குகின்றன.

இவற்றுள் பேதைமையே தலையாயது. டிஎஸ் கருவிக்கு இரண்டு திரைகள் உண்டு. மேற்றிரையில் பவுசர் நடக்கிறான். கீழ்த்திரையில் அவன் உடலுக்குள் சகோதரர் இருவரும் திரிகின்றனர். பவுசர் பெரும்பொருள் ஒன்றை இழுக்க முயலும்போது, உள்ளிருக்கும் இருவரும் அவன் கைத்தசையைத் தூண்டி வலிமையூட்டுகின்றனர். அவனோ அதனைத் தன் ஆற்றல் என்று மார்தட்டுகிறான். சண்டையில் அவன் உறிஞ்சி விழுங்கும் எதிரியோடு உள்ளே அவ்விருவரே பொருதுகின்றனர். இரு தரப்பையும் இயக்குபவர் ஒரே ஆட்டக்காரர். நாடகத்தில் பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்து நகைப்பர். இங்கு அவ்வறியாமையை ஆட்டக்காரரே தம் கையால் நிகழ்த்துகிறார். பவுசரை இப்பாகத்தின் உண்மைத் தலைவன் என்று ஆட்டக்காரர்கள் போற்றுவதன் உட்காரணம் இதுவே என்பது நம் கருத்து.

வழுவும் நகையும்

மொழி பயில்வோர் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. முதற்பாகத்தில் இளவரசியின் குரல் திருடப்படுகிறது. அவள் பேசும் சொற்கள் வெடிபொருள்களாக மாறி வீழ்கின்றன. அக்குரலைத் திருடிய சூனியக்காரியின் மாணவனே ஃபாஃபுல். ஆங்கிலப் பதிப்பில் அவன் பேச்சு இலக்கண வழு நிறைந்தது. பெயரும் வினையும் இடம்மாறி நிற்கும். மிரட்டலுக்கிடையே உணவுப்பொருள் உவமையாக வரும். ஆட்டக்காரர்கள் அவன் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். அவ்வழு தற்செயலாக நேர்ந்ததன்று. ஒரே சீராகத் திட்டமிட்டு அமைக்கப்பெற்றது. அதனால்தான் அது பிழையாகத் தோன்றாமல் பாத்திரத்தின் குரலாக நிலைத்தது எனலாம்.

குறைகூறும் கருத்துகள்

2013இல் வெளிவந்த 'டிரீம் டீம்' லூயிஜியின் கனவுக்குள் புகுந்து ஆடும் புதுமையுடையது. அண்ணன்மீது அவன் கொண்ட பற்றைப் பலர் நெகிழ்ந்து பாராட்டினர். எனினும், ஒவ்வொரு செயலுக்கும் நீண்ட விளக்கம் தந்து ஆட்டத்தை நிறுத்துகிறது என்ற குறை பரவலாக எழுந்தது. 2015இல் வந்த 'பேப்பர் ஜாம்' பற்றியோ, புதிய விந்தைப் பாத்திரங்கள் இல்லை, எங்கும் பழகிய முகங்களே என்றனர். இவ்விரு குறைகளும் வேறுவேறாகத் தோன்றினும் மூலம் ஒன்றே. முன்னதில் ஆட்டக்காரர் தாமே கண்டறிய வேண்டியதை விளையாட்டு எடுத்துரைத்துவிடுகிறது. பின்னதில் கண்டறியப் புதியது குறைவு. விளக்கப்பெற்ற நகைச்சுவை நகைச்சுவையாக நிற்பதில்லை என்பது மேடைக்கு மட்டுமன்று, திரைக்கும் பொருந்தும்.

பாராட்டும் பயனும்

மூன்றாம் பாகத்தின் மறுஆக்கம் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்காக 2018 டிசம்பரில் ஜப்பானிலும், 2019 ஜனவரியில் மேலைநாடுகளிலும் வெளிவந்தது. ஆட்டம் பாராட்டப்பெற்றது, விற்பனையோ மிகக் குறைவு. 2017இலேயே ஸ்விட்ச் என்னும் புதிய கருவி வந்துவிட்டது. மேலும், பழைய டிஎஸ் ஆட்டம் 3டிஎஸ் கருவியிலும் இயங்குமாதலின், மீண்டும் வாங்குவானேன் என்றனர் ஆட்டக்காரர். 2019 அக்டோபரில் ஆல்ஃபாடிரீம் நொடித்துப்போனது. தொடரின் உச்சம் எனப் போற்றப்பட்ட ஆட்டமே அந்நிறுவனத்தின் இறுதி வெளியீடுகளுள் ஒன்றாக அமைந்தது. நுகர்வோரின் அன்பு ஒரு படைப்பை நினைவில் வாழவைக்கும். படைத்தோரின் தொழிலைக் காக்க அது மட்டும் போதாது.

2024 நவம்பரில் அக்வயர் நிறுவனத்தின் ஆக்கமாக 'பிரதர்ஷிப்' ஸ்விட்ச் கருவியில் வெளிவந்தது. கதை மெல்ல நகர்கிறது என்ற குறையும், லூயிஜிக்குத் திடீரெனத் தோன்றும் யோசனைகள் சுவையானவை என்ற பாராட்டும் ஒருங்கே எழுந்தன. ஆட்டக்காரரின் அளவுகோல் மாறவில்லை என்பதற்கு இது சான்று.

முடிவுரை

ஆட்டக்காரர் கருத்துகளைத் தொகுத்து நோக்குமிடத்து, வசனத்தில் வைத்த நகையைவிட அமைப்பில் வைத்த நகையே நெடிது நிற்கிறது என்பது புலனாகிறது. அறியாமையைச் சொல்லிக் காட்டாமல் நிகழ்த்தச் செய்த பாகம் போற்றப்பட்டது. நிகழவேண்டியதைச் சொல்லிவிட்ட பாகம் சலிப்பூட்டியது. செய்யுளுக்கென வகுக்கப்பெற்ற மெய்ப்பாட்டியல் இத்தகைய புதுவகைப் படைப்புகளையும் அளக்க வல்லது. நம் மாணவர்கள் நாள்தோறும் கையில் ஏந்தும் இவ்விளையாட்டுகளிலிருந்தே அவ்வியலைக் கற்பிக்கத் தொடங்குவது பயனளிக்கும்.