‘லைக்’ கூடினால் கூகுளில் முதலிடம் கிடைக்குமா?

“ஃபேஸ்புக்கில் லைக் கூடினால் கூகுளில் கடை மேலே வந்துவிடும்.” ஜார்ஜ் டவுனில் சிறு வணிகம் செய்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதை நம்பிச் சிலர் காசு கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்குகிறார்கள். வேறு சிலரோ, ‘நமக்கு எதற்கு இந்த வம்பு’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே நட்டம்தான். ஏன் என்று பார்ப்போம்.

கூகுள் என்ன சொல்லியிருக்கிறது?

1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, அவர்களின் அடிப்படை எண்ணம் எளிமையானது. ஒரு வலைப்பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. பெயர் பெற்ற பக்கத்திலிருந்து வரும் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம். திருமணத்துக்குச் சமையல்காரரைத் தேடும்போது நாலு பேரிடம் விசாரிப்போமே, அதே கதைதான்.

அப்படியானால் ஃபேஸ்புக்கில் பகிரப்படும் இணைப்பும் பரிந்துரைதானே? அங்கேதான் சிக்கல். விளம்பர இணைப்புகளை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொட்டத் தொடங்கியதால், 2005-இல் கூகுளும் வேறு சில தேடுபொறிகளும் ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டைக் கொண்டுவந்தன. ‘இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கணக்கில் எடுக்காதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. சமூக ஊடகங்களில் நாம் பகிரும் இணைப்புகள் பெரும்பாலும் இந்தக் குறியோடுதான் வெளியே போகின்றன. 2019 முதல் அதைக் கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாகக் கூகுள் அறிவித்தது. ஆனாலும் ஆயிரம் பகிர்வு ஆயிரம் பரிந்துரை ஆகிவிடாது.

லைக் கதை இன்னும் சுவையானது. கூகுளில் அப்போது மூத்த பொறியியலாளராக இருந்த மேட் கட்ஸ், 2010 டிசம்பரில் சமூக ஊடகத் தகவல்களைத் தரவரிசையில் பயன்படுத்துவதாகக் கூறினார். 2014 ஜனவரியில் அவரே வேறு விளக்கம் தந்தார். ஃபேஸ்புக், டுவிட்டர் பக்கங்களை மற்ற வலைப்பக்கங்களைப் போலத்தான் பார்க்கிறோம். ஒருவருக்கு எத்தனை பின்தொடர்வோர், எத்தனை லைக் என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை என்றார். அந்தத் தளங்கள் கதவை மூடிவிட்டால் தகவல் கிடைக்காது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. போட்டி நிறுவனத்தின் சாவியை நம்பி யாராவது வீடு கட்டுவார்களா?

ஆக, நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: லைக் எண்ணிக்கை கூகுள் வரிசையை உயர்த்தாது.

ஒரு சுவரோவியம் சொல்லும் பாடம்

பிறகு ஏன் சமூக ஊடகத்தில் பிரபலமான கடைகள் கூகுளிலும் மேலே நிற்கின்றன? இதற்கு விடை நம் ஊர்ச் சுவரிலேயே இருக்கிறது.

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக, லித்துவேனியாவைச் சேர்ந்த ஓவியர் எர்னஸ்ட் சாச்சரேவிச் இங்குள்ள சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். அர்மீனியன் ஸ்திரீட்டில் ஓர் உண்மையான சைக்கிளைச் சுவரோடு பொருத்தி, அதில் இரு பிள்ளைகள் போவதுபோல் வரைந்தாரே, அதை அறியாத பினாங்குக்காரர் இருக்க முடியாது.

அங்கே படம் எடுத்தவர்கள் அதை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டார்கள். பார்த்தவர்களுக்கு ஆசை வந்தது. பயணக் கட்டுரையாளர்களும் செய்தி நிறுவனங்களும் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் வழிகாட்டிப் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தன. ஊரே அறியாத ஒரு தெருப் பெயரை வெளிநாட்டில் இருப்பவர்கள் கூகுளில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். இன்று அந்த ஓவியம் கூகுள் வரைபடத்தில் தனி இடமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள கடைகளின் பெயர்களும் அந்தக் கட்டுரைகளில் சேர்ந்தே அடிபடுகின்றன.

கூகுள் எண்ணியது லைக்கை அல்ல. லைக்குக்குப் பின்னால் மனிதர்கள் செய்த வேலையை. எழுதினார்கள், இணைப்புக் கொடுத்தார்கள், பெயர் சொல்லித் தேடினார்கள், கிளிக் செய்தார்கள்.

கிளிக் என்பது சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில், 2023-இல் கூகுளின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் அளித்தார். பயனர்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்ற தரவைப் பயன்படுத்தும் ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு பற்றி அப்போது வெளியே தெரிந்தது. 13 மாதக் கிளிக் தரவு அதில் சேர்கிறது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நூறு பேர் உங்கள் கடைப் பெயரைத் தேடிக் கிளிக் செய்வதற்கும், காசுக்கு வாங்கிய பத்தாயிரம் போலிக் கணக்குகள் சும்மா கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறதல்லவா?

800 வெள்ளிக்கு என்ன கிடைக்கும்?

லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டி விற்கும் ஓர் அக்காவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஒருநாள் கைப்பேசியை நீட்டி, “தம்பி, எண்ணூறு வெள்ளி குடுத்தா பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தர்றேன்னு ஒருத்தரு மெசேஜ் போட்டிருக்காரு. குடுக்கலாமா?” என்று கேட்டார். ஒரு முகவர் புலனத்தில் அனுப்பியிருந்த செய்தி அது.

அவருக்கு 800 வெள்ளி சின்னத் தொகை அல்ல. 2000-ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து, பழைய கடைவீடுகளில் தொழில் செய்பவர்களுக்கு வாடகையே பெரிய கவலை. தைப்பூசமும் தீபாவளியும்தான் கையில் காசு பார்க்கும் காலம்.

நான் முதலில் கூகுள் வரைபடத்தில் அவர் கடையைத் தேடினேன். கடைப் பெயர் பலகையில் ஒரு விதமாகவும், ஃபேஸ்புக்கில் வேறு எழுத்துக்கூட்டலிலும், கூகுளில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. கூகுளில் இருந்த தொலைபேசி எண், அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண். ஒரே ஒரு படம், அதுவும் கடை மூடியிருக்கும்போது யாரோ எடுத்தது.

பக்கத்தில் இருக்கும் கடைகளை வரிசைப்படுத்தக் கூகுள் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகத் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தூரம், ஊரறிந்த பெயர். இந்த மூன்றாவதில்தான் விமர்சனங்களும் மற்றத் தளங்களின் இணைப்புகளும் சேரும். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. பெயரை எல்லா இடத்திலும் ஒன்றாக்கினோம். எண்ணையும் திறக்கும் நேரத்தையும் திருத்தினோம். மல்லிகைச் சரம், கல்யாண மாலை, கார் அலங்காரம் என்று தனித்தனியாகப் படம் ஏற்றி, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதினோம். மாலை வாங்கிப் போனவர்களிடம், “பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்க” என்று கேட்கச் சொன்னேன். செலவு ஒரு காசும் இல்லை. “அந்த எண்ணூறு வெள்ளிக்கு மல்லிகை வாங்கலாம்” என்று சொல்லி, அக்கா முகவரின் செய்தியை அழித்துவிட்டார்.

தேடும் இடமே மாறுகிறது

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். சென்னை ஐஐடியில் படித்து, கூகுளில் தேடல் பிரிவைக் கவனித்துவந்த பிரபாகர் ராகவன், 2022 ஜூலையில் ஒரு மாநாட்டில் பேசினார். தங்கள் ஆய்வின்படி, மதிய உணவுக்கு இடம் தேடும் இளையோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூகுளுக்குப் போவதில்லை. டிக்டாக் அல்லது இன்ஸ்டாகிராமுக்குப் போகிறார்கள் என்றார். நம் வகுப்பறையைப் பார்த்தாலே தெரியும். நாசி கண்டார் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டால், நண்பர்கள் முதலில் திறப்பது காணொளியைத்தான்.

இரண்டு உலகமும் இப்போது நெருங்கியும் வருகின்றன. 2025 ஜூலை 10 முதல், இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலில் தோன்ற வழி திறந்திருக்கிறது. அதனால் படத்துக்குக் கீழே எழுதும் வரிகளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று மட்டும் எழுதினால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ‘ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட்டில் வாழையிலைச் சாப்பாடு’ என்று எழுதினால் தேடுபவருக்கும் புரியும், தேடுபொறிக்கும் புரியும்.

நாம் என்ன செய்யலாம்?

நம் பெற்றோர், மாமா, சித்தி என்று யாராவது ஒருவர் சிறு தொழில் செய்துகொண்டுதான் இருப்பார். அவர்களுக்குத் தொழில் தெரியும். நமக்குக் கைப்பேசி தெரியும். மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழியில் எழுதத் தெரிந்த நாம் அவர்களுக்குக் கிடைத்த இலவச ஆலோசகர்கள். போலி விமர்சனம் எழுதிக் கொடுப்பது மட்டும் உதவியாகாது. அது கூகுளின் விதிக்கு மாறானது. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள், நல்ல பெயரும் சேர்ந்தே போகும்.

இந்த வார இறுதியில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையின் பெயரைக் கூகுளில் தேடிப் பாருங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம் நான்கும் சரியாக இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்தக் கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே திருத்தச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அவருக்கு நம் உதவி தேவைப்படக்கூடாது.