போட்டது 25 ரூபாய். பங்கு 63 லட்சம்! கூட்டாக லாட்டரி வாங்குவது லாபமா, வம்பா?

கோவை,

ஓணம் பம்பர் வந்துவிட்டால் போதும். பாலக்காடு பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களிடம் ஒரு பேச்சு கிளம்பும்.

"ஏனுங்கண்ணா, சீட்டு 500 ரூபாயாம். தனி ஆளா போட முடியுமா? ஆளுக்கு 50 போடுங்க. பத்துப் பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கலாம். விழுந்தா எல்லாருமே கோடீஸ்வரருங்க!"

பேச்சு இனிப்பாகத்தான் இருக்கிறது. நடப்பு எப்படி?

குப்பை அள்ளிய கைக்குக் கோடி

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கும் பெண்கள் 11 பேர். 2023-ல் மழைக்கால பம்பர் சீட்டு ஒன்றைக் கூட்டாக வாங்கினார்கள். விலை 250 ரூபாய்.

9 பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். மீதி இரண்டு பேரிடம் 25 இல்லை. ஆளுக்கு 12 ரூபாய் 50 காசு போட்டு ஒரு பங்காகச் சேர்ந்துகொண்டார்கள்.

ஜூலை மாதம் குலுக்கல். அந்தச் சீட்டுக்கே முதல் பரிசு 10 கோடி!

பத்துக் கோடியும் கைக்கு வராது. முகவர் கமிஷன் 10 சதவீதம், அதாவது 1 கோடி போனது. மீதி 9 கோடியில் 30 சதவீதம் வருமான வரி, 2 கோடியே 70 லட்சம். நின்றது 6 கோடியே 30 லட்சம். 25 ரூபாய் பங்குக்கு 63 லட்சம். பன்னிரண்டரை ரூபாய்க்கு முப்பத்தொன்றரை லட்சம். சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரி தனி.

அதே ஆண்டு ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி. வாளையாரில் கூட்டாகச் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டு நண்பர்கள் 4 பேருக்கு விழுந்தது.

அதிர்ஷ்டம் கூடுமா?

இதைக் கேட்டதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்!

அந்த ஓணம் பம்பரில் விற்றது 75 லட்சம் சீட்டுக்கு மேல். முதல் பரிசு ஒன்றே ஒன்று. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு சீட்டுப் போட்டுப் பத்துச் சீட்டாக வைத்துக்கொண்டால் வாய்ப்பு பத்து மடங்கு கூடும். ஆனால் விழுகிற பணம் பத்தாகப் பிரியும். ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். கணக்கு ஒன்றுதான்.

அப்படியானால் லாபம் எங்கே? விழாதபோதுதான்! 500 போகிற இடத்தில் 50 போகும். டீக்கடைச் செலவோடு ஒழியும். வீட்டில் அடுப்பு எரியும்.

அதிலும் ஓர் ஆபத்து. "50 தானே" என்று வாரம் தவறாமல் போட்டால் ஆண்டுக்கு 2,600 ரூபாய். நாலு பேருக்கு முன்னால் "நான் வரலை" என்று சொல்லக் கூச்சப்பட்டே பணம் போடுகிறவர்களும் உண்டு.

விழுந்த பிறகே வம்பு

ஒருவர் இந்த வாரம் லீவு. "எனக்கும் சேர்த்துப் போட்டுரு, சம்பளத்துல தர்றேன்" என்கிறார். விழுந்துவிட்டது. அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா?

சீட்டு வைத்திருப்பவர் தனக்கென்று தனியாகவும் ஒன்று வாங்கினார். விழுந்தது கூட்டுச் சீட்டா, சொந்தச் சீட்டா? யார் சாட்சி?

இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கு. ஒரு பாட்டி, அவர் பேத்தி, வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் மூவரும் வாரப் பத்திரிகைப் போட்டிக்குப் பாட்டி பெயரில் கூப்பன் அனுப்பினார்கள். 750 பவுண்ட் பரிசு விழுந்தது. "பங்கெல்லாம் கிடையாது" என்றார் பாட்டி. விவகாரம் கோர்ட்டு ஏறியது. மூன்றில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும் என்று 1955-ல் தீர்ப்பானது. நியாயம் கிடைத்தது, ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள் எதிரெதிர்க் கூண்டில் நின்றதுதான் மிச்சம்!

என்ன செய்யவேண்டும்?

குலுக்கலுக்கு முன்பே ஒரு வெள்ளைத் தாளில் பெயர், போட்ட தொகை, சீட்டு எண் மூன்றையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். சீட்டைப் போட்டோ எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கைக்கு வந்தால்தான் பங்கு. கடனுக்குப் பங்கு இல்லை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

விழுந்தால் 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்கவேண்டும். கூட்டாகவே மனுக் கொடுங்கள். ஒருவர் பெயரில் வாங்கினால் வருமான வரிக் கணக்கு முழுதும் அவர் தலையில் ஏறும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. இங்கே சந்தில் யாராவது "கேரளா சீட்டு" என்று நீட்டினால் வாங்காதீர்கள். கேரளாவில், முறையான கடையில் வாங்கியதற்கு மட்டுமே மதிப்பு.

"விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று சொல்லி 1968-ல் தமிழக அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. கூட்டுச் சீட்டில் வீடு ஒன்றல்ல, பத்து. எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பது முதலிலேயே தெரியவேண்டும்.

பரப்பனங்காடியில் 12 ரூபாய் 50 காசுக்கும் பங்கு இருந்தது. அந்த நேர்மை இல்லாத கூட்டத்தில் 50 ரூபாய் போடுவதைவிட, அந்தக் காசுக்கு வீட்டுக்குப் பூ வாங்கிப் போவது மேல்!