குருதியிற் சருக்கரையும் நம் உணவும் நடையும்

நீரிழிவு என்னும் பெயர் நோயின் புறக்குறியை நோக்கி எழுந்தது. மதுமேகம் என்னும் வடமொழிப் பெயரோ கழியும் நீரின் இனிப்பைக் குறிப்பது. அவ்வினிப்புக் குருதியிலும் உண்டென்பதை 1776 இல் மத்தியூ டொப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஆராயவேண்டியது குருதியையே என்பது அதன்பின் தெளிவாயிற்று.

வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. வெறுவயிற்றில் அதன் ஒவ்வொரு 100 மில்லிலீற்றரிலும் 100 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சருக்கரை இருத்தல் இயல்பு. கணக்கிட்டுப் பார்ப்பின், குருதி முழுவதிலும் ஓடும் சருக்கரை 5 கிராமளவே. அஃதாவது ஒரு தேக்கரண்டிச் சீனி! நண்பகலில் நாம் உண்ணும் சோற்றில் கோப்பை ஒன்றுக்கு 40 கிராமுக்கு மேற்பட்ட மாப்பொருள் உண்டு. அதிற் பெரும்பகுதி குளுக்கோசாகிக் குருதியைச் சேர்கின்றது. இரண்டு கோப்பைச் சோறு உண்டபின்னும் குருதியில் வெள்ளம் எழாதிருப்பது எவ்வாறு? சதையியிற் சுரக்கும் இன்சுலின் அச்சருக்கரையைத் தசைகளுட் புகவிடுகின்றது. ஈரலிற் கிளைக்கோசனாகச் சேமிக்கச் செய்கின்றது. இன்சுலின் போதாதபோதும், உடல் அதன் ஏவலுக்கு இணங்காதபோதும் சருக்கரை குருதியிலே தேங்குகின்றது. வெறுவயிற்றுச் சோதனையில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ காணப்பட்டு, மறு சோதனையிலும் அவ்வாறே இருப்பின் அது நீரிழிவு எனப்படும்.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10.3 பேர் நீரிழிவுடையோராய்க் காணப்பட்டனர். நகரத்தில் அவ்வீதம் 16.4, நாட்டுப்புறத்தில் 8.7. நோயுடையோருள் மூவரில் ஒருவர் அதனை அறியாமலே இருந்தனர் என்பதே பெரிதும் அஞ்சற்குரியது.

நகரவாழ்வு இவ்வேறுபாட்டை எவ்வாறு விளைக்கின்றது என்பதை அறியப் புதுக்கடையைப் பார்த்தாலே போதும். நீதிமன்றங்களையும் சட்டக் கல்லூரியையும் சூழ்ந்த அப்பகுதியிற் சட்டத்தரணியும் எழுதுவினைஞரும் நாளெல்லாம் அமர்ந்தே தொழில் புரிகின்றனர். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருவோர் பேருந்தில் அமர்ந்து வந்து, மீண்டும் நாற்காலியில் அமர்கின்றனர். இடையிடையே சீனி மிகுந்த தேநீரும் பணிசும். (ஆசிரியராகிய நாம் நின்று கற்பிப்பதை உடற்பயிற்சியென்று எண்ணி ஆறுதலடைதல் ஆகாது.)

உணவைப் பற்றி நம்மிடையே தவறான எண்ணங்கள் பல. குரக்கன் சருக்கரையற்றது என்பர் சிலர். குரக்கன்மாவிலும் நூற்றுக்கு 70 பங்களவு மாப்பொருளே. நார்ச்சத்து மிகுதி என்பது அதன் சிறப்பு. எனினும் குரக்கன் பிட்டை இருமடங்கு உண்பார்க்கு அச்சிறப்பால் வரும் பயன் யாது? பனங்கட்டி தீங்கற்றது என்பதும் அத்தகையதே. நிறம் வேறாயினும் அதன் இனிப்பு சீனியின் இனிப்பே. தவிடு நீங்காத சிவப்பரிசி மெல்லச் செரிக்கும். நன்கு தீட்டிய வெள்ளரிசியும் வெள்ளைப் பாணும் விரைந்து சருக்கரையாகும். சோற்றைக் குறைத்துப் பருப்பு, மீன், கீரை, காய்கறி ஆகியவற்றை மிகுத்து உண்பின் சருக்கரை ஏற்றம் தணியும். கறியை முன்னும் சோற்றைப் பின்னும் உண்பதாலும் அவ்வேற்றம் குறைகின்றது.

இனி உடற்பயிற்சி. இயங்கும் தசை இன்சுலினின் ஏவலுக்குக் காத்திராது தானே குளுக்கோசை ஈர்த்துக்கொள்கின்றது. நடை நின்றபின்னும் ஏறத்தாழ ஒரு நாள்வரை தசைகள் இன்சுலினுக்கு நன்கு இணங்கும். ஆதலின் ஞாயிறன்று மட்டும் நெடுந்தூரம் நடப்பதினும் நாடோறும் அரைமணி நேரம் நடத்தல் நன்று. உணவின்பின் கால்மணி நேர நடையும் அவ்வேளைச் சருக்கரையைத் தாழ்த்தும். கடும்பயிற்சி, அதிரினலின் சுரப்பால், சிறிது நேரம் சருக்கரையை உயர்த்தலும் உண்டு, அதுகண்டு மருளவேண்டா. காலிமுகத்திடலின் உலாவீதி 1859 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் அமைந்தது. அங்கு மாலையிற் செல்வோருட் பலர் நடப்பதினும் இறால்வடை உண்பதிலேயே ஊக்கமுடையோராய் இருக்கின்றனர்!

உணவும் நடையும் நோயைத் தடுக்குமோ எனின், சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகின்றது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதிற் பங்குகொண்டனர். பொது அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர்; உணவையும் நடையையும் ஒழுங்குசெய்தோருள் 39.3 பேரே நோயுற்றனர். மெற்போமின் மாத்திரையும் ஏறக்குறைய இவ்வளவு பயனே தந்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதற் பயன் விளையவில்லை. நம்மைப் போன்றே சோறுண்ணும் மக்களிடையே பெற்ற முடிபாதலின் இது நமக்கு மிகவும் பொருந்தும்.

நிற்க, விரதம் பற்றியும் ஒரு சொல். கந்தசட்டி போன்ற நாள்களில் இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும், சதையியைத் தூண்டும் மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாது உணவை விடுதல் இடர் தரும். உணவின்றி மருந்து மட்டும் வேலை செய்யுமிடத்துச் சருக்கரை 70 மில்லிகிராமிற்கும் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் என்பன அதன் குறிகள். அந்நிலையில் உணர்வுள்ளவர்க்கு மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்து உடனே கொடுத்தல்வேண்டும். கால்மணி நேரத்தில் தெளியாவிடின் மீண்டும் கொடுக்கலாம். உணர்விழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல்வேண்டும்.