உங்களுக்குத் தெரியுமா? கேமிங் லேப்டாப்பும் கிள்ளான் பள்ளத்தாக்கு வெயிலும்

கிராஃபிக்ஸ் கார்டையோ வேறு சில்லையோ ஆலை குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ஓவர்கிளாக் என்கிறோம். லேப்டாப்பில் அதைச் செய்ய எண்களைக் கூட்டினால் மட்டும் போதாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி அறையிலோ கிள்ளான் தாமான் வீட்டிலோ உட்கார்ந்து ஆடுகிறவர் முதலில் வெப்பத்தைக் குறைத்தால்தான் வேகம் கிடைக்கும். கிடைத்த வேகமும் நிலைக்கும். அது ஏன், எப்படி என்று பார்ப்போம்.

● ஓவர்கிளாக் வரலாற்றில் மலேசியாவுக்கும் இடம் உண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் பினாங்கில் அமைத்தது. 1998 ஆகஸ்டில் வந்த அதன் செலரான் 300ஏ என்ற சிபியு (மையச் செயலி), ஓவர்கிளாக் பிரியர்களின் செல்லப்பிள்ளையானது. தாய்ப்பலகையில் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் போதும். 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்ற சில்லுகளில் பல, 450-இல் அசையாமல் ஓடின. மலேசியாவில் பொதி செய்யப்பட்டது என்ற முத்திரையோடு வந்தவையும் அவற்றில் இருந்தன.

● ஒரே பெயர், வேறு சில்லு. மேசைக் கணினிக்கான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 16,384 கணிப்புக் கருக்கள். லேப்டாப் 4090-இல் 9,728 மட்டுமே. முன்னதற்கு 450 வாட். பின்னதற்கு 80 முதல் 150 வாட். எனவே மேசைக் கணினிக்காரர்கள் சொல்லும் ஓவர்கிளாக் அளவுகளை லேப்டாப்பில் அப்படியே போடுவதில் பொருளில்லை.

● ஒரே சில்லு, வேறு வேகம். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா தரும் மின்திறன் வரம்பு 35 முதல் 115 வாட் வரை. உச்ச வேகமும் 1,470 முதல் 2,370 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். எந்த வாட்டில் ஓட்டுவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவில் வாங்கப் போகிறவர்கள் கார்டின் பெயரோடு அதன் வாட் அளவையும் கேளுங்கள். குறைந்த வாட் கார்டை எவ்வளவு ஓவர்கிளாக் செய்தாலும் பெரும்பாலும் அதிக வாட் கார்டை எட்டிப் பிடிக்காது.

● ஒருமுறை என்விடியாவே கதவை மூடியது. 2015-இன் தொடக்கத்தில் வந்த டிரைவர், ஜிடிஎக்ஸ் 900எம் வரிசை லேப்டாப்புகளில் ஓவர்கிளாக் வசதியை முடக்கியது. பயனாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாத டிரைவரில் வசதி திரும்பி வந்தது. லேப்டாப் வாங்கியவர்களுக்கு அதன் மேல் உரிமை உண்டு என்பதை நிலைநாட்டிய வெற்றி அது.

● மின்னழுத்தம்தான் பெரிய சாவி. சில்லு இழுக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். ஒரு வோல்ட்டில் ஓடும் சில்லை அதே வேகத்தில் 0.9 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால் 0.9 × 0.9 = 0.81. அதாவது 19 சதவீத மின்திறன் மிச்சம், அவ்வளவு வெப்பமும் குறைவு. இதற்குப் பெயர் அண்டர்வோல்ட்.

● லேப்டாப்பில் அண்டர்வோல்ட்டும் ஓவர்கிளாக்கும் ஒரே வேலையின் இரு முகங்கள். லேப்டாப் கார்டு பெரும்பாலும் வாட் வரம்பில் முட்டி நிற்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் வரம்புக்குள் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் சில்லு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டும்போது நாம் மேலே நகர்த்தும் மின்னழுத்தம்–வேகக் கோடும் இதையே செய்கிறது: ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் முன்பைவிடக் கூடுதல் வேகம்.

● எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் எல்லாருக்கும் பொது. பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் வேலை செய்யும் இலவச மென்பொருள் அது. அதில் கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் மின்னழுத்தம்–வேகம் வளைகோடு திறக்கும். எந்த வோல்ட்டில் எந்த வேகம் என்பதைப் புள்ளி புள்ளியாக அங்கே மாற்றலாம். லேப்டாப் தயாரிப்பாளர் பூட்டியிருந்தால் மட்டும் சில சறுக்கிகள் நகராது.

● 15 மெகாஹெர்ட்ஸ் படிகள். அண்மைத் தலைமுறை என்விடியா சில்லுகள் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏறி இறங்குகின்றன. ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதால் பயனில்லை. 45 மெகாஹெர்ட்ஸ் கூட்டுவதில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்றி, சோதித்துவிட்டு அடுத்த படிக்குப் போவதே பாதுகாப்பான வழி. திரை தடுமாறிய இடத்திலிருந்து இரண்டு படி இறங்கி நில்லுங்கள்.

● அறை ஒரு டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். விசிறி வேகமும் சுமையும் மாறாத வரை கணக்கு இதுதான். கோலாலம்பூரில் விடியற்காலை 24 டிகிரி, நண்பகல் 33 டிகிரி என்பது சாதாரணம். விடியற்காலையில் 78 டிகிரியில் ஓடிய கார்டு, ஏர்கோன் இல்லாத மதியத்தில் 87-ஐத் தொடும். பல லேப்டாப்புகளில் 87 டிகிரிதான் வேகத்தை வெட்டும் எல்லை. இரவில் மட்டும் சோதித்த ஓவர்கிளாக் மறுநாள் மதியம் கவிழ்வது இதனால்தான்.

● எல்லையைத் தொடும் முன்பே வேகம் குறையத் தொடங்கும். ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சில்லு, தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஜிபியு பூஸ்ட் 2012-இல் ஜிடிஎக்ஸ் 680-உடன் வந்தது. இப்போதைய வடிவில் அது வெப்பம் ஏற ஏறப் படிப்படியாக வேகத்தை இறக்கும். சில்லைச் சில டிகிரி குளிர வைத்தாலே, எந்த எண்ணையும் தொடாமல் கொஞ்சம் வேகம் திரும்பும்.

● கனமான காட்சியில் ஓடியது, மெனுவில் விழுந்தது. அனுபவசாலிகளையும் குழப்பும் சிக்கல் இது. போர்க்காட்சியில் வாட் வரம்பு சில்லின் வேகத்தை அடக்கி வைக்கிறது. மெனுவிலும், அடுத்த கட்டம் ஏறும் திரையிலும் சுமை குறைவு. சில்லு வளைகோட்டின் உச்சிக்குத் தாவுகிறது. நாம் கூட்டிய எண் அந்த உச்சியையும் உயர்த்தியிருக்கும். அங்கே மின்னழுத்தம் போதாமல் விளையாட்டு மூடிக்கொள்கிறது. கனமான சுமை, இலேசான சுமை இரண்டிலும் சோதியுங்கள். வளைகோட்டின் உச்சியைத் தட்டையாக்குங்கள்.

● நினைவகம் பிழையை மறைக்கும். ஜிடிடிஆர்5 முதலான கிராஃபிக்ஸ் நினைவகங்களில் பிழை கண்டறியும் வசதி உண்டு. தரவு கெட்டுப் போனால் மீண்டும் அனுப்பச் சொல்லும். எல்லையைக் கொஞ்சம் மீறி ஓட்டினால் திரை உடனே உறையாது. மறுபடி மறுபடி அனுப்புவதில் நேரம் போய் ஃப்ரேம் எண்ணிக்கைதான் குறையும். ஆகவே நினைவக வேகத்தைக் கூட்டும்போது, ‘விழவில்லை’ என்பதில் நிறைவடையாதீர்கள். சோதனை மதிப்பெண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறுவது நின்ற இடம்தான் எல்லை.

● விண்டோஸ் இரண்டு நொடி பொறுக்கும். கிராஃபிக்ஸ் சில்லு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புவது அதன் அடையாளம். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். விளையாட்டு விழாவிட்டாலும் அந்தப் பதிவு இருந்தால் ஓவர்கிளாக் நிலையாக இல்லை என்று பொருள்.

● 20 சுற்று, 97 சதவீதம். 3டிமார்க் மென்பொருளின் அழுத்தச் சோதனை ஒரே காட்சியை 20 முறை ஓட்டும். ஃப்ரேம் வேகத்தின் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் தேர்ச்சி. மதிப்பெண் எவ்வளவு என்பதைவிட, முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதே லேப்டாப்பின் உடல்நிலையைச் சொல்லும்.

● ஒரே சோதனை போதாது. ரே டிரேசிங் விளையாட்டுகள் சில்லில் அதற்கெனவே உள்ள தனிப் பகுதிகளை இயக்குகின்றன. சாதாரணச் சோதனைகள் அவற்றைத் தொடுவதே இல்லை. 3டிமார்க்கின் போர்ட் ராயல் அதற்கான சோதனை. ஃபர்மார்க் போன்ற மென்பொருள்கள் சில்லைச் சூடாக்கும். ஆனால் அந்தச் சுமையில் வேகம் மிகவும் இறங்கிவிடுவதால், உயர் வேகத்தில் சில்லு தாங்குமா என்பதை அவை சொல்லாது.

● சிபியுவை அடக்கினால் ஜிபியு மூச்சுவிடும். பல கேமிங் லேப்டாப்புகளில் இரண்டும் ஒரே செப்புக் குழாய்களில்தான் வெப்பத்தைக் கொட்டுகின்றன. என்விடியாவின் டைனமிக் பூஸ்ட், சிபியு பயன்படுத்தாத வாட்டை எடுத்து ஜிபியுவுக்குத் தரும். சிபியுவின் உச்ச வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால், பல விளையாட்டுகளில் ஃப்ரேம் குறைவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டோ குளிர்ந்து, கூடுதல் மின்திறனும் பெறும்.

● தேவைக்கு மேல் ஃப்ரேம் வேண்டாம். 144 ஹெர்ட்ஸ் திரையில் 200 ஃப்ரேம் வரைவதால் கூடுவது பெரும்பாலும் வெப்பம்தான். டிரைவரிலேயே உச்ச ஃப்ரேம் வரம்பு வைக்கலாம். பழைய, இலேசான விளையாட்டுகளில் விசிறி இரைச்சல் உடனே அடங்கும்.

● சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய் ஆவியும். வெறும் தூசியை ஊதித் தள்ளலாம். புகையும் எண்ணெயும் பட்ட தூசி, வெப்பத்தகடுகளின் இடுக்கில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பூசையறைக்கும் அடுப்பங்கரைக்கும் அருகில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். காற்றடிக்கும்போது விசிறி இதழைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைப்பதும் செலவில்லாத மருந்து. மெத்தை மேல் வைத்து ஆடவே கூடாது.

● தெர்மல் பேஸ்ட் நகர்ந்து போகும். சில்லு சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும், சில்லுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே பூசிய பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. அதற்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல்லின் பிடிஎம்7950 தகடு அறை வெப்பத்தில் திடமாக இருந்து, சுமார் 45 டிகிரியில் இளகிப் படியும். அதனால் இடம் பெயர்வது குறைவு. திரவ உலோகம் வேறு வகை. அதன் அடிப்படையான காலியம் 29.76 டிகிரியில் உருகும். கோலாலம்பூர் மதியத்தில் அடுப்பே தேவையில்லை. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். வெப்பத்தகட்டின் அடிப்பகுதி அலுமினியமாக இருந்தால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

● சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால் இணைப்பு விரிசல் விடும். 2008 ஜூலையில், லேப்டாப் சில்லுகளில் பொதிப்பொருள் பலவீனத்தால் வந்த பழுதுகளுக்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. உச்ச வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஏற்ற இறக்கத்தையும் குறைக்க வேண்டும் என்பது அந்த நிகழ்வு கற்றுத்தந்த பாடம்.

● பேட்டரியில் ஓவர்கிளாக் செல்லாது. 330 வாட் அடாப்டரோடு வரும் லேப்டாப்பை 100 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரில் போட்டால், கிராஃபிக்ஸ் கார்டின் வாட் வரம்பு சரிந்துவிடும். பேட்டரியில் இன்னும் மோசம். தொலைந்த அடாப்டருக்குப் பதில் வாங்கும்போது வாட் அளவைச் சரிபாருங்கள். சிரிம் முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள்.

● பிற்பகல் இடி மின்னல். உலகில் இடி மின்னல் மிக அதிகமாக இறங்கும் வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. நீண்ட சோதனைகளை வானம் இருண்ட பிற்பகலில் தொடங்க வேண்டாம். மழைக்கு முன்பே அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

● அறையே சூடாகும். 200 வாட் இழுக்கும் லேப்டாப் அந்த 200 வாட்டையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே விடுகிறது. ஐந்து மணி நேர ஆட்டம் ஒரு யூனிட் மின்சாரம். சன்னலைச் சாத்தி, ஏர்கோன் போடாமல் ஆடினால், முதல் மணி நேரத்தில் நிலையாக இருந்த கார்டு மூன்றாம் மணி நேரத்தில் தடுமாறலாம்.

● மறுதொடக்கம்தான் காப்பு. ஆஃப்டர்பர்னரில் மாற்றிய எண்கள், கணினியை மீண்டும் தொடங்கினால் அழிந்து பழைய நிலை திரும்பும். ஆகவே ‘தொடங்கும்போதே செயல்படுத்து’ என்ற குறியைச் சோதனை எல்லாம் முடிந்த பிறகே இடுங்கள். சில்லின் பயாஸையே மாற்றி எழுதுவது வேறு கதை: தவறினால் லேப்டாப்பே எழாமல் போகலாம், உத்தரவாதமும் போகும். வீட்டில் ஒரே லேப்டாப், அதில்தான் பிள்ளையின் படிப்பும் என்றால் அந்த வழிக்கே போக வேண்டாம்.

● எவ்வளவு கிடைக்கும்? லேப்டாப்பில் நிலையான ஓவர்கிளாக் தரும் ஏற்றம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான். 60 ஃப்ரேமில் 5 சதவீதம் என்றால் 3 ஃப்ரேம். அதற்காகத் திரை நடுவில் உறைவதை ஏற்கத் தேவையில்லை.

● எந்த வரிசையில் செய்வது? முதலில் தூசி நீக்கம், காற்றோட்டம். அடுத்து அண்டர்வோல்ட். பிறகு கருவின் வேகம், அதன் பின் நினைவகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடைசித் தேர்வை வானம் தெளிந்த ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, ஏர்கோனை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டிலேயே வையுங்கள். மற்றச் சோதனைகளோடு அதிலும் தேறிய வேகம் கிள்ளானில் பெரும்பாலும் எந்த நேரத்திலும் தாங்கும்.