பாலத்தைத் தாங்கும் பால்மரம்

ஜார்ஜ் டவுனிலிருந்து தெற்கே போனால் பத்து மாவுங். அங்கிருந்து கடலைக் கடந்து பத்து காவானுக்குப் போகிறது பினாங்கின் இரண்டாவது பாலம். 2014 மார்ச் 1-ஆம் நாள் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலின் மேல்! பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் அதில் போய்வருகிற நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ரப்பர் உட்கார்ந்திருக்கிறது என்று? ஆம், மங்கில் சொட்டும் பாலில் பிறந்த இயற்கை ரப்பர்தான்.

காங்கிரீட் பாலத்துக்கு ரப்பர் எதற்கு? வெயிலில் காங்கிரீட் நீளும், இரவில் சுருங்கும். 100 மீட்டர் தளம் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 1 சென்டிமீட்டர் நீண்டுவிடும். அதைத் தூணோடு இறுகப் பிணைத்தால் ஏதாவது ஒன்று பிளந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, சுமத்ராவில் பூமி அதிர்ந்தால் பினாங்கின் மாடிக் கட்டடங்களும் ஆடுகின்றன. ஆகவே தளத்தைத் தாங்கும் பொருள் பாரத்துக்கு அமுங்கக் கூடாது. பக்கவாட்டில் மட்டும் இசைந்து கொடுக்க வேண்டும்.

வெறும் ரப்பர் கட்டி இதற்கு உதவாது. பிள்ளைகளின் அழிரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பக்கத்தில் பிதுங்கும். அதனால் மெல்லிய ரப்பர் அடுக்குகளுக்கு இடையே எஃகுத் தகடுகளை வைக்கிறார்கள், நம் ஊர் குவே லாப்பிஸ் பலகாரம் போல. தகட்டில் பசை பூசி, அச்சுக்குள் இட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ரப்பரைப் பிதுங்கவிடாமல் எஃகு பிடித்துவைப்பதால் பாரம் தாங்கும் விறைப்பு பல நூறு மடங்கு கூடுகிறது. பக்கவாட்டு அசைவோ அப்படியே இருக்கிறது.

வம்பு வருவது ஒட்டிய இடத்தில். எஃகு ரப்பரைவிட ஏறத்தாழ இலட்சம் மடங்கு விறைப்பானது. ஒன்று நெளியப் பார்க்கிறது, மற்றது அசைய மறுக்கிறது. இந்த இழுபறி முழுவதும் தகட்டின் ஓரத்தில் வந்து குவிகிறது. நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். ஓரத்தில் பிறந்த கீறல் மெல்ல உள்ளே ஓடும்.

அந்த விசையை எப்படி அறிவது? உள்ளே கருவியை நுழைத்து அளக்க வழியில்லை. எனவே கம்ப்யூட்டரில் அந்தக் கட்டியை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எளிய கணக்கு. பக்கத்துத் துண்டுகள் சேரும் மூலைகளில் விடைகள் ஒத்துப்போக வேண்டும். இதுதான் 'ஃபைனைட் எலிமெண்ட்' முறை. 1960-இல் இந்தப் பெயரை வைத்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே கிளஃப்.

இதில் ஒரு வேடிக்கை. எஃகும் ரப்பரும் சேரும் ஓரத்தில் துண்டுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை பெரிதாகிக்கொண்டே போகும், முடிவே கிடையாது! அப்படியானால் பாலம் விழுந்துவிடுமா? இல்லை. கணக்கு அந்த மூலையைக் கத்திமுனை போலக் கூர்மையாக எண்ணிக்கொள்கிறது; நிஜ மூலை அப்படி இருப்பதில்லை. அதனால் விவரமான பொறியாளர் அந்த ஓர் எண்ணை நம்புவதில்லை. கீறல் வளர எவ்வளவு சக்தி தேவை என்று ஆய்வுக்கூடத்தில் ரப்பரைக் கிழித்துப் பார்த்து, கணக்கோடு ஒப்பிடுகிறார். தகட்டின் ஓரத்தையும் மழுக்கி, வெளியே ரப்பர் போர்வையும் போடச் சொல்கிறார். கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கு என்று நினைப்பவர்கள் கவனிக்க!

இந்த ஆராய்ச்சியில் நமக்கும் பங்குண்டு. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட் அருகே பிரிக்கெண்டன்பரியில் உள்ள மலேசிய ரப்பர் ஆய்வுக்கூடம், ரப்பர் ஏற்றுமதியில் பிடித்த வரிப்பணத்தில் நடந்தது. விடியுமுன் உளியோடு நிரைக்குப் போனவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. 1957-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெல்ஹாம் பாலம் இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் அமைந்தது. 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடமே அதிர்ச்சியை விழுங்கும் ரப்பரின் மேல் எழுந்தது.

பாலத்துக்குப் போகும் முன் தாங்கிகளை இராட்சத அழுத்தியில் அமுக்கிப் பார்ப்பார்கள். பக்கங்களில் ரப்பர் வரிவரியாகச் சீராகப் புடைக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பெரிதாகப் புடைத்தால், உள்ளே தகடு இடம் மாறியிருக்கலாம் அல்லது ஒட்டு விட்டிருக்கலாம். அந்தத் தாங்கி ஒதுக்கப்படும்.