தொட்டால் ஒட்டாத வியாதி

மார்கழி மாதத்து ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். குளிரைக்கூடத் தாங்கிவிடலாம், அந்த வறட்டுக் காற்றுதான் பொல்லாதது. நல்ல சருமமே வெள்ளைக் கோடு கோடாக வெடிக்கும்போது, சோரியாசிஸ் உள்ளவர்கள் பாட்டைக் கேட்க வேண்டுமா!

முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, வெள்ளிச் செதில்போல் உதிரும். சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். நமது மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகும். இந்த வியாதியில் உடம்பின் காவற்படையே காரணமில்லாமல் கிளர்ந்தெழுந்து விரட்டுவதால், அந்த வேலை சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. கிருமியின் வேலை அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் ஒட்டாது. இது குஷ்டம் அல்ல, வேறு வியாதி என்று வியன்னா நகரத்து டாக்டர் ஹெப்ரா 1841லேயே பிரித்துக் காட்டிவிட்டார். ஆனாலும் நம் வீடுகளில் சிலருக்குத் தனி டம்ளர் வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. வியாதியைவிட அந்த டம்ளர்தான் அதிகம் வலிக்கிறது.

சரி, என்ன சாப்பிடலாம்? கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது என்று ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமும் கூடாதாம்! இவற்றை நிறுத்தினால் படை மறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு பண்டம் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டவர் அதை மட்டும் விட்டால் போதும். ஆதாரம் உள்ளது வேறு விஷயத்துக்கு. பருமனானவர்கள் உடம்பைக் குறைத்தால் படையும் தணிகிறது. குடியும் புகையும் அதைக் கிளப்பிவிடுகின்றன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வயிற்றை நிறைக்கும் நல்ல சாப்பாடு; மருந்து அல்ல. கோதுமையை எல்லோரும் விட வேண்டியதில்லை. சீலியாக் என்னும் குடல் வியாதி உள்ளவர்கள்தான் விட வேண்டும்.

தட்டில் காட்டும் சிரத்தையில் பாதியைத் தோலில் காட்டினால் நல்லது. தோலில் காயம்பட்ட இடத்தில் சில நாட்களில் புதுப் படை முளைப்பதை 1870களில் கோப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் எடுத்துச் சொன்னார். ஓசூர்ப் பக்கத்து வேலைகளையோ கேட்க வேண்டாம். ரோஜாத் தோட்டத்தில் முள் கீறும். மாந்தோப்பில் காயின் பால் பட்டுப் புண்ணாகும். சிப்காட் பட்டறைகளில் கூலன்ட் எண்ணெய் கையை அரிக்கும். அந்த எண்ணெய் போகத் தின்னரால் கழுவுவது அதைவிட மோசம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இவர்களுக்கு அலங்காரமல்ல. கடிக்கிற பூட்ஸையும் இறுக்கும் பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு, பீர்க்கங்காய் நாரால் செதிலைச் சுரண்டுவது ஆகாது. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுங்கள். இளம் வெயில் சிறிது நேரம் பட்டால் நல்லது. தோல் கருகும்வரை நிற்கக் கூடாது.

வெட்பாலைத் தைலத்தை நம்மவர்கள் வெகுகாலமாகப் பூசி வருகிறார்கள். வைத்தியரைக் கேட்டுக்கொண்டு பூசலாம். பயப்பட வேண்டியது, பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "நாலே நாள்" மருந்துக்கு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் படை மாயமாய் மறையும். நிறுத்தியதும் சீழ்க்கொப்புளங்களோடு திரும்பிவரக்கூடும். டாக்டர்கள் தரும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரைக்கும் ஜாக்கிரதை வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர் மதுவைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் அந்த மாத்திரையையே தொடக் கூடாது.

காலையில் விரல்கள் வீங்கி விறைத்துக்கொண்டால் வேலைக் களைப்பு என்று இருந்துவிடாதீர்கள். சோரியாசிஸ் மூட்டுகளையும் பிடிப்பதுண்டு. தாமதித்தால் கெட்ட மூட்டு திரும்பாது. கிருஷ்ணகிரியிலேயே 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. ஒரு ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.