வேடமணிந்த கடல்வரலாற்று விளக்குநர்

வேடமணிந்த கடல்வரலாற்று விளக்குநர் என்பவர் பழங்கால மாலுமி, வணிகர், கப்பல் தச்சர், முத்துக்குளிப்பவர் போன்றோரின் உடையில் தோன்றி, கடல்வழி வரலாற்றைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்பவர். அருங்காட்சியகம், பழங்கப்பலின் மாதிரி, பள்ளி வளாகம் ஆகியவை இவரது பணியிடங்கள். நடிப்பு இப்பணியில் ஒரு பகுதிதான். எழுதி வைத்த வசனத்தை ஒப்பிப்பவரால் இதில் நெடுநேரம் நிற்க முடியாது, "கப்பலில் கக்கூஸ் எங்கே இருந்தது?" என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டால் வசனம் முடிந்துவிடும்.

தோற்றமும் வகையும்

உடையணிந்த பணியாளர்களைக் கொண்டு பழைய வாழ்க்கையைக் காட்டும் முறை, 1891இல் ஆர்தர் ஹாசேலியஸ் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தால் பரவியது. கடல்வரலாற்றுக்கு இம்முறை வந்ததில் மாதிரிக் கப்பல்களுக்குப் பங்குண்டு. 1957இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்த இரண்டாம் மேஃபிளவர், லண்டன் தேம்சு கரையில் நிற்கும் கோல்டன் ஹைண்ட் மாதிரி ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. கோல்டன் ஹைண்டில் பள்ளிக் குழந்தைகள் மாலுமி உடையணிந்து ஓர் இரவு தங்குவதும் உண்டு.

விளக்குநர் இருவகையில் பேசலாம். "நான் இந்தக் கப்பலில் வந்தவன்" என்று தன்மையில் பேசுவது ஒன்று. உடை பழையதாக இருந்தாலும், "அவர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று இன்றைய மனிதராகவே படர்க்கையில் பேசுவது மற்றொன்று. தெருக்கூத்தில் கதைக்குள்ளும் நின்று, கூட்டத்தோடும் பேசும் கட்டியங்காரனை அறிந்தவர்களுக்கு இரண்டாவது வகை புதிதல்ல. சிறு குழந்தைகளிடம் கட்டியங்காரன் வழியே எளிதில் பயன் தருகிறது. தன்மையில் பேசுபவரிடம் குழந்தைகள் கைப்பேசியைக் காட்டிச் சிக்கவைக்கப் பார்ப்பார்கள். பாடம் அங்கேயே திசைமாறிவிடும்.

மதுரையில் கடலைக் காட்டுதல்

மதுரை நகரின் மேற்குப் பகுதியில், வைகைக் கரையில் அமைந்த கோச்சடையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இங்குள்ள பள்ளிக்குச் செல்லும் விளக்குநர் கடலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஆற்றிலிருந்து தொடங்கலாம். வைகை வழியே கிழக்கே சென்றால் கீழடி, அதற்கும் அப்பால் முகத்துவாரத்தை ஒட்டி அழகன்குளம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. கீழடியில் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான கல் வைகைச் சமவெளியில் கிடைப்பதன்று, தொலைவிலிருந்து வந்தது. அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்துள்ளன.

எதிர்க்கரைச் சான்றுகள் குழந்தைகளை இன்னும் ஈர்க்கும். எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் எழுதப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. வகுப்பில் ஒரு கண்ணன் இருந்தால் போதும், பாடம் பற்றிக்கொள்ளும். அதே கரையின் பெரெனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு அப்படியே இருந்தது. ஆகவே விளக்குநரின் பையில் ஒரு கைப்பிடி மிளகு, தென்னை நார்க் கயிறு, இரண்டு பலகைத் துண்டுகள் இருப்பது நல்லது. ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டும் முறையை விரலால் செய்து பார்க்கும் குழந்தை, படத்தில் பார்த்ததைவிட அதிகம் அறிந்துகொள்ளும்.

காற்றையும் விளக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள், காற்று திசைமாறும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தே திரும்பின. அந்த மாதங்களில் மாலுமிகள் எங்கே உண்டார்கள், என்ன மொழியில் பேரம் பேசினார்கள் என்ற கேள்விகளைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம்.

உடை என்னும் சிக்கல்

இப்பணியின் கடினமான இடம் உடைதான். கடல் என்றதும் பள்ளி மாறுவேடப் போட்டிகளில் ஒற்றைக் கண்மறைப்பும் மண்டையோட்டுத் தொப்பியும் வந்துவிடுகின்றன. அந்தக் கொள்ளையர் தோற்றத்தில் பெரும்பகுதி ஹோவர்டு பைல் போன்ற ஓவியர்களும் சிறுவர் கதைகளும் திரைப்படங்களும் உண்டாக்கியது. சங்ககாலத் தமிழ் மாலுமியின் உடையைக் காட்டும் தெளிவான ஓவியமோ சிற்பமோ கைவசம் இல்லை. வெற்றிடத்தைத் திரைப்படச் சரிகையால் நிரப்பினால் குழந்தை அதையே வரலாறாக நினைவில் வைத்துக்கொள்ளும். எளிய பருத்தி வேட்டியும் தலைத்துணியும் அணிந்து, "இது நாங்கள் ஊகித்த உடை" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையான வழி. மதுரை வெயிலுக்கும் அதுவே ஏற்றது. பருத்திக்குச் சான்றும் உண்டு: பெரெனிகேயில் இந்தியப் பருத்தியில் நெய்த பாய்த்துணித் துண்டுகள் கிடைத்துள்ளன.

பெருமையை மட்டும் சொல்லிச் செல்வதும் ஒருவகைப் பொய்வேடமே. பாண்டியரின் முத்தைப் பற்றிப் பேசும்போது, கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனை பெற்ற கைதிகள் பயன்படுத்தப்பட்டனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ் கூறுவதை மறைக்கக் கூடாது. பத்து வயதுக் குழந்தைக்கு இது புரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

வ.உ.சி. வேடம்

உடையில் ஊகம் தேவைப்படாத பாத்திரம் வ.உ.சிதம்பரனார். அவரது ஒளிப்படங்கள் கிடைக்கின்றன. பல பள்ளி விழாக்களில் இவ்வேடம் செக்கிழுப்பதோடு முடிந்துவிடுகிறது. கப்பல் காணாமல் போய்விடுகிறது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906இல் பதிவானது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள், மூலதனம் 10 இலட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரே இதன் தலைவர் என்பதால் மதுரைக் குழந்தைகளுக்கு இக்கதை அயலூர்க் கதையன்று. காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்தது என்பர். விளக்குநர் இரண்டு பயணச்சீட்டுகளைக் காட்டி, வகுப்பைத் துறைமுகமாக்கிவிடலாம்: ஒரு பக்கம் காசு கேட்கும் சுதேசிக் கப்பல், மறுபக்கம் குடையோடு இலவசக் கப்பல். ஏறும் கப்பலை ஒவ்வொரு குழந்தையும் தேர்ந்தெடுக்கும். குடையை எடுத்தவர்களைக் கண்டிக்காமல் காரணம் கேட்க வேண்டும். வீட்டில் காசில்லை என்ற விடை வரலாம், அது அன்றும் உண்மையான விடைதான். அதன்பிறகே 1908ஆம் ஆண்டின் கைதையும், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டதையும் சொல்வது பொருத்தம்.